இசட்80 இன்-சர்க்யூட் எமுலேட்டர்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

சோதிக்க வேண்டிய டார்கெட் போர்டில் இருக்கும் புரொசசரைக் கழற்றிவிட்டு, அதே 40 பின் சாக்கெட்டில் ஒரு கேபிளைச் செருகினால், புரொசசரின் வேலையைத் தானே செய்துகொண்டு நமக்கும் கணக்குக் காட்டும் பெட்டிதான் இன்-சர்க்யூட் எமுலேட்டர். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், ரெஜிஸ்டர்களைப் பார்க்கலாம், ஓடிமுடிந்த பஸ் சைக்கிள்களை (முகவரி, டேட்டா வழிகளில் நடந்த ஒவ்வொரு படிப்பையும் எழுத்தையும்) திரும்பப் படிக்கலாம். 1975இல் இன்டெல் 8080க்காக ஐசிஇ-80ஐக் கொண்டுவந்தது. அதன்பின் 8085, இசட்80, 6809, 68000 ஆகிய புரொசசர்களுக்காகப் பல நிறுவனங்கள் இவற்றைச் செய்தன. இன்று கையில் கிடைக்கும் பெட்டிகளில் பலவற்றுக்குப் பயனர் கையேடாவது ஸ்கேன் வடிவில் இருக்கும். சர்க்யூட் படம் இருக்காது. அதனால் பழுது பார்ப்பதும் ஆவணப்படுத்துவதும் இங்கே ஒரே வேலை. எடுக்கும் ஒவ்வொரு அளவும் படத்தில் ஏற வேண்டும்.

இந்தக் குறிப்பு இசட்80 பெட்டிகளை வைத்து எழுதப்பட்டது. 8085 மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம். முகவரிகளும் பைட்டுகளும் ஹெக்ஸில் (16 அடி எண்களில்) உள்ளன.

சப்ளை கொடுக்கும் முன்

முதல் வேலை இப்ராம்களை (நிரல் எழுதிவைத்த சிப்களை) படித்து வைப்பது. மற்ற எல்லா உதிரிகளும் கடையில் கிடைக்கும். மானிட்டர் நிரல், அதாவது எமுலேட்டரை ஓட்டும் நிரல், கிடைக்காது. போர்டுகளை இரு பக்கமும் படம் எடுத்து, ஒவ்வொரு சாக்கெட்டின் எண்ணையும் சிப் மேல் உள்ள லேபிளையும் எழுதிக்கொண்டு கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை படித்து ஒப்பிடுங்கள். முடிந்தால் 4.75, 5.0, 5.25 வோல்ட்டிலும் படியுங்கள். மூன்றிலும் ஒரே பைட்டுகள் வந்தால்தான் அது நம்பத் தகுந்த பிரதி. 5.25இல் மட்டும் ஓரிரு பிட் மாறினால் அந்தச் சிப்பின் மின்னூட்டம் கசியத் தொடங்கிவிட்டது. குறைந்த வோல்ட்டேஜில் படித்ததையே வைத்துக்கொண்டு, புதுச் சிப்பில் எழுதிப் போடுங்கள்.

24 பின் சிப்களில் பொறிகள் உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்2716க்கு +5, +12, −5 என்று மூன்று சப்ளை வேண்டும். மற்றவர்களின் 2716க்கு +5 மட்டும் போதும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2532, 2732 இரண்டும் 4 கிலோபைட்தான், ஆனால் ஏ11 முகவரி வழி 2532இல் 18ஆம் பின், 2732இல் 21ஆம் பின். பைபோலார் ப்ராம்களில் 82எஸ்129 ட்ரை-ஸ்டேட், 82எஸ்126 ஓப்பன் கலெக்டர். பின்னதைப் புல்-அப் ரெசிஸ்டர் இல்லாமல் படித்தால் வருவது குப்பை.

கேபிள் நுனியில் உள்ள செருகி கறுப்பு நுரையில் குத்தி வைக்கப்பட்டிருந்தால் உடனே எடுங்கள். அந்த நுரை காலப்போக்கில் மக்கிப் பின்களை அரிக்கும். பச்சை படிந்த பின் நிமிர்த்தும்போதே முறியும். மெமரி போர்டில் நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்தால் அதையும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: விளக்கே எரியவில்லை, அல்லது எரிந்து புகை வருகிறது

மெயின்ஸ் நுழைவில் மஞ்சள் நிற, ஒளி ஊடுருவும் உறையில் வெடிப்புகளோடு ஒரு கபாசிட்டர் இருக்கிறதா பாருங்கள். ரிஃபா காகித வகை எக்ஸ்2 கபாசிட்டர்கள் ஈரம் உள்ளே போய், 230 வோல்ட் பட்டதும் புகைந்து நாறும். அதே மதிப்புள்ள பாலிப்ரொப்பிலீன் எக்ஸ்2 போட்டால் போதும்.

ஸ்விட்ச் மோட் சப்ளையைத் தனியாகக் கழற்றிச் சோதிக்கும்போது லோட் இல்லாமல் ஆன் செய்தால் பல பழைய சப்ளைகள் கிளம்பாது. 5 வோல்ட் வழியில் 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டுங்கள். 1 ஆம்பியர் ஓடும். சீரிஸ் பல்பு போட்டுச் சோதிப்பது நல்ல பழக்கம். ஆனால் பல்பு விட்டு விட்டு மின்னினால் உடனே சப்ளை ஷார்ட் என்று முடிவுகட்டக் கூடாது. வோல்ட்டேஜ் போதாமல் சப்ளை திரும்பத் திரும்பக் கிளம்ப முயல்வதாகவும் இருக்கலாம். 100 வாட் பல்புக்கு மாற்றிப் பாருங்கள்.

+5 சரியாக வந்து +12 அல்லது −12 தரையில் கிடந்தால், போர்டுகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். எந்தப் போர்டை எடுத்ததும் சப்ளை எழுகிறதோ, அதில் அந்த வழியில் இருக்கும் டான்டலம் கபாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கும்.

அறிகுறி: சப்ளை சரி, டெர்மினலில் ஒரு எழுத்தும் இல்லை

எமுலேட்டரின் டிபி-25 கனெக்டரில் 7ஆம் பின் கிரவுண்ட். மீட்டரின் கறுப்பு முனையை அதில் வைத்து 2, 3 பின்களைத் தொடுங்கள். சும்மா இருக்கும் ஆர்எஸ்-232 வழி நெகட்டிவில் நிற்கும். எந்தப் பின் −9 அல்லது −11 வோல்ட் காட்டுகிறதோ அதுதான் எமுலேட்டர் அனுப்பும் பின். இரண்டிலும் ஒன்றுமில்லை என்றால் ஆர்எஸ்-232ஐ அனுப்பும் 1488 சிப்புக்கு −12 வரவில்லை, அல்லது 1488 போய்விட்டது. அனுப்பும் பின்னைக் கண்டுபிடித்த பிறகு 5, 6, 20 ஆகிய கைகுலுக்கல் பின்களைக் கவனியுங்கள். எதிர்முனை தயார் என்று தெரியாமல் வாயே திறக்காத மானிட்டர்கள் நிறைய. சில பெட்டிகள் முதலில் என்டர் கீயை எதிர்பார்த்து, அதன் பிட் அகலத்தை வைத்தே வேகத்தைக் கணக்கிடும். ஆகவே மௌனத்தைப் பழுது என்று எடுத்துக்கொள்ளும் முன் நாலைந்து முறை என்டர் தட்டுங்கள்.

அப்படியும் மௌனம் என்றால் கட்டுப்பாட்டு புரொசசரைப் பார்க்க வேண்டும். அதுவும் இசட்80 ஆக இருந்தால் 6ஆம் பின்னில் கிளாக், 26ஆம் பின்னில் ரீசெட் மேலே எழுந்திருக்கிறதா, 24 (வெயிட்), 25 (பஸ்ரெக்) பின்கள் மேலே நிற்கின்றனவா என்று வரிசையாகப் பாருங்கள். கிளாக் மட்டத்தில் கவனம் வேண்டும். என்மாஸ் (பழைய தயாரிப்பு முறை) இசட்80க்கு கிளாக்கின் மேல்மட்டம் சப்ளையிலிருந்து 0.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். டிடிஎல் சிப் தானாகத் தரும் மூன்றரை வோல்ட் போதாது. அதற்காகத்தான் 330 ஓம் புல்-அப் போடுவார்கள். அந்த ரெசிஸ்டரின் சோல்டர் விட்டுப்போனால் புரொசசர் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது.

எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் டேட்டா வழி எட்டையும் ரோம், பஃபர்களிலிருந்து பிரித்து, 1 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கு இழுங்கள். புரொசசர் 00 என்ற நோப்பை, அதாவது எதுவும் செய்யாத கட்டளையை, மட்டுமே படித்துக்கொண்டு முகவரிகளை எண்ணும். 4 மெகாஹெர்ட்ஸில் ஒரு நோப் 1 மைக்ரோ வினாடி. ஏ15இன் முழுச் சுற்று 65.5 மில்லி வினாடி. ஆனால் ஸ்கோப்பில் அழகான சதுர அலை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு எம்1 சைக்கிளின் (கட்டளையைப் படிக்கும் சைக்கிள்) பின்பாதியிலும் புரொசசர், டைனமிக் ராமைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷ் முகவரியை வெளியே வைக்கும். அப்போது மேல் எட்டு வழிகளில் ஐ ரெஜிஸ்டர் வரும், ரீசெட்டுக்குப் பின் அது 00. அதனால் ஏ15 மேலே இருக்க வேண்டிய பாதியில் சீப்புப் பல் போலத் தெரியும். அது பழுதில்லை. எம்1 பின்னை ட்ரிக்கராக வைத்துப் பார்த்தால் தெளிவாகும்.

அறிகுறி: எழுத்து வருகிறது, ஆனால் சில எழுத்துகள் மட்டும் பிசகு

எல்லா எழுத்தும் குப்பை என்றால் வேகம் தவறு. ஸ்கோப்பில் மிகக் குறுகிய பிட்டை அளங்கள்: 104 மைக்ரோ வினாடி என்றால் வினாடிக்கு 9600 பிட், 208 என்றால் 4800, 417 என்றால் 2400, 833 என்றால் 1200. இந்த எண்களுக்கு நடுவில் ஏதாவது வந்தால் கிளாக் பிரிப்பானைத் தேடுங்கள். 8251 சீரியல் சிப்புக்கு 9600இல் 153.6 கிலோஹெர்ட்ஸ் வர வேண்டும்.

ஏ, பி சரி, சி மட்டும் விசித்திரக் குறி. 0, 3 சரி, 1, 2 பிசகு என்று வந்தால் பெட்டி 7 பிட், ஈவன் பாரிட்டியில் அனுப்புகிறது, டெர்மினல் 8 பிட்டில் கேட்கிறது. ஏ என்பது 41, அதில் ஒன்றுகள் இரண்டு. பாரிட்டி பிட் 0. சி என்பது 43, மூன்று ஒன்றுகள். பாரிட்டி பிட் 1 ஆகி சி3 என்று வந்து சேரும். டெர்மினல் அமைப்பை மாற்றினால் தீர்ந்தது. டிஐபி ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் இந்தச் சமயத்திலேயே தட்டிப் பார்த்து எது எதைச் செய்கிறது என்று எழுதி வையுங்கள்.

முதலில் ஒரு பொய் டார்கெட் செய்யுங்கள்

பாட் (டார்கெட்டில் செருகும் கேபிளோடு வரும், புரொசசர் உள்ளே இருக்கும் சின்னப் பெட்டி) பக்கம் போகும் முன் இதைச் செய்துகொள்ள வேண்டும். விலை உயர்ந்த, பழைய டார்கெட்டில் செருகிச் சோதிப்பது தவறு. பழுது எந்தப் பக்கம் என்று தெரியாது, நல்ல போர்டும் கெடும்.

பொது நோக்குப் போர்டில் ஒரு 40 பின் ஜிஃப் (அழுத்தாமல் செருகும்) சாக்கெட். 11ஆம் பின்னுக்கு +5, 29க்கு கிரவுண்ட், இடையில் 0.1 மைக்ரோஃபாரட். 4 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரை 330 ஓம் புல்-அப்போடு 6ஆம் பின்னுக்குக் கொடுங்கள். 16, 17, 24, 25, 26 ஐந்துக்கும் 10 கிலோ ஓம் புல்-அப். எட்டு டேட்டா வழிகளுக்கும் அதே. 62256 ராம் ஒன்று: எம்ரெக்கையும் (மெமரியைக் கேட்கும் சிக்னல், 19ஆம் பின்) ஏ15ஐயும் 74எல்எஸ்32இன் ஒரு கேட்டில் விட்டு, வெளிவருவதை ராமின் 20ஆம் பின்னுக்கு, 22க்கு ஆர்டி (படிப்பு சிக்னல்), 27க்கு டபிள்யூஆர் (எழுத்து சிக்னல்). இதனால் 0000 முதல் 7எஃப்எஃப்எஃப் வரை ராம், அதற்கு மேல் எங்கே படித்தாலும் எஃப்எஃப்.

அறிகுறி: பெட்டி தனியாக நன்றாக இருக்கிறது, பாட் செருகியதும் “புரொசசர் பதில் சொல்லவில்லை”

நிறைய எமுலேட்டர்கள் நிறுத்துவதற்கு என்எம்ஐ (தடுக்க முடியாத இன்டரப்ட்) போன்ற ஒரு தட்டலையே நம்பியிருக்கின்றன. பஸ்ரெக் கீழே இழுக்கப்பட்டிருந்தால் புரொசசர் பஸ்ஸை விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கும், என்எம்ஐயைக் கவனிக்காது. வெயிட் கீழே நின்றாலும் நடப்பில் உள்ள சைக்கிள் முடியாமல் அப்படியே உறையும். ஆகவே 24, 25 பின்களை முதலில் பாருங்கள். டார்கெட்டில் மேலே, பாட்டுக்குள் இருக்கும் புரொசசரின் காலில் கீழே என்றால் நடுவில் உள்ள பஃபரோ கேபிளோ காரணம்.

பாட் டார்கெட்டின் +5ஐ உணர்ந்த பிறகே பஃபர்களைத் திறக்கும் பெட்டிகளும் உண்டு. அந்த உணர்வு வழியில் வழக்கமாக ஒரு டிரான்சிஸ்டரும் இரண்டு ரெசிஸ்டர்களும்தான் இருக்கும். மின்னோட்டம் எடுக்காத வழி என்பதால் பின்னில் கறை படிந்தாலும் மீட்டர் 5 வோல்ட் என்றே காட்டும். 1 கிலோ ஓம் லோடு வைத்து அளங்கள்.

8085 பாட்டில் வேறொரு தொல்லை. டார்கெட்டில் கிரிஸ்டல் இருந்தால் அது நீளமான கேபிள் வழியே அதிராது. ஆஸிலேட்டர் ஒன்றை எக்ஸ்1இல் ஓட்டிப் பாருங்கள். கிரிஸ்டல் மதிப்பில் பாதிதான் புரொசசர் வேகம் என்பதை நினைவில் வையுங்கள், 6.144 என்றால் ஓட்டம் 3.072 மெகாஹெர்ட்ஸ். மேலும் 8085இல் ஹோல்டு 39ஆம் பின், +5 அதை ஒட்டி 40ஆம் பின். இரண்டும் தொட்டுக்கொண்டால் புரொசசர் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றுவிடும்.

அறிகுறி: மெமரியில் ஒரு பிட் ஒட்டிக்கொண்டது, அல்லது ஒரே பைட் இரண்டு இடத்தில் தெரிகிறது

பொய் டார்கெட்டில் 00, எஃப்எஃப், 55, ஏஏ எழுதித் திரும்பப் படியுங்கள். பிறகு முகவரி: 0000இல் 11 எழுதி, 0001, 0002, 0004, 0008, 0010 என்று 4000 வரை ஒவ்வொன்றிலும் வேறு வேறு பைட் எழுதி, ஒவ்வொரு முறையும் 0000ஐத் திரும்பப் பாருங்கள். 0400இல் 22 எழுதியதும் 0000இலும் 22 தெரிந்தால் ஏ10 போய்ச்சேரவில்லை.

இனி எந்த இடம் என்பது. இசட்80இல் டேட்டா பின்கள் வரிசையாக இல்லை: டி0 முதல் டி7 வரை 14, 15, 12, 8, 7, 9, 10, 13. நுனியில் உள்ளது ரிப்பன் கேபிளை அழுத்திப் பொருத்தும் சாதாரண 40 பின் செருகி என்றால், ரிப்பனின் 1ஆம் கம்பி 1ஆம் பின்னுக்கும் 2ஆம் கம்பி 40ஆம் பின்னுக்கும் 3ஆவது 2க்கும் 4ஆவது 39க்கும் போகும். அதாவது செருகியில் பக்கத்துப் பக்கம் இருப்பவை வேறு, ரிப்பனில் பக்கத்துப் பக்கம் இருப்பவை வேறு. இந்த வேறுபாடுதான் பழுதின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

டி2 எப்போதும் 1: 12ஆம் பின் செருகியில் 11ஆம் பின்னான +5ஐத் தொடுகிறது. டி2 எப்போதும் 0: ரிப்பனில் 12ஆம் பின்னின் கம்பி 23, கிரவுண்டின் கம்பி 24, கேபிள் நசுங்கியிருக்கிறது. ஏ0 எப்போதும் 0 என்றால் செருகியில் 30ஆம் பின் 29ஐத் தொடுகிறது. ஏ0 எப்போதும் 1 என்றால் ரிப்பனில் கம்பி 21உம் 22உம், அதாவது +5உம் ஏ0உம், நசுங்கி ஒட்டியிருக்கின்றன. உருப்பெருக்கியை எங்கே வைப்பது என்பது கேபிளைத் தொடும் முன்பே தெரிந்துவிடும்.

ரிப்பன் கிழிவது விளிம்பில்தான். ஒரு விளிம்பில் ஏ11, ஏ10. மறு விளிம்பில் ஐஓரெக் (போர்ட்டைக் கேட்கும் சிக்னல்), ஆர்டி. எழுதுவது சரி, எதைப் படித்தாலும் எஃப்எஃப் என்றால் ஆர்டி அறுந்தது. மெமரி எல்லாம் சுத்தம், ஒரு போர்ட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஐஓரெக். ஏ10 அறுந்தால் மேலே சொன்ன 0400 இரட்டை. கேபிளை ஆட்டி ஆட்டிப் பார்த்து நேரத்தைக் கழிக்காமல், இந்த நான்கையும் முதலில் கன்டின்யூட்டி பாருங்கள்.

பாட்டுக்குள் சின்னப் போர்டு வைத்து, சிக்னலுக்கு ஒரு கிரவுண்ட் என்று 64 கம்பி ரிப்பன் போட்டிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கம்பி வரிசையை நீங்களே அளந்து அட்டவணை போட வேண்டும். அளப்பதற்கு, டயோடுகளைத் திறந்துவிடாத அளவுக்குக் குறைந்த வோல்ட்டேஜில் ஒலிக்கும் மீட்டர் தேவை.

இந்தக் கணக்கில் எதுவும் சிக்காமல், பிட் நடுமட்டத்தில், 1 முதல் 2 வோல்ட்டுக்குள், தடுமாறிக்கொண்டிருந்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்கள். 74எல்எஸ்245இன் திசைப் பின்னையும் எனேபிள் பின்னையும் ஆர்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எனேபிள் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் அனேகமாக ஒரு பிஏஎல் (லாஜிக்கை உள்ளே எழுதி வைக்கும்) சிப்பில் முடியும். எமுலேட்டரின் மூளை அங்கேதான். அதைக் கடைசியில் பார்ப்போம்.

அறிகுறி: புரோகிராம் ஓடவிட்டதும் எங்கோ போய்விடுகிறது

ட்ரேஸை (எமுலேட்டர் பதிவுசெய்த பஸ் சைக்கிள்களின் பட்டியலை) படியுங்கள். 0038இல் எஃப்எஃப் படித்து, 00, 39 என்று இரண்டு பைட் எழுதி, மறுபடி 0038 என்று சுற்றினால் புரொசசருக்கு எஃப்எஃப் தவிர வேறெதுவும் வரவில்லை. எஃப்எஃப் என்பது ஆர்எஸ்டி 38, அதாவது திரும்பு முகவரியை ஸ்டாக்கில் எழுதிவிட்டு 0038க்குத் தாவும் கட்டளை. ஸ்டாக் இறங்கிக்கொண்டே மெமரி முழுதையும் 39, 00 என்று நிரப்பும். ஆர்டி, டேட்டா பஃபர் எனேபிள், மேப்பிங் அமைப்பு மூன்றையும் பாருங்கள். ஓவர்லே ராமுக்கும் (டார்கெட் மெமரிக்குப் பதிலாக எமுலேட்டர் தரும் ராம்) டார்கெட்டுக்கும் எதை எங்கே ஒதுக்கியிருக்கிறது என்று பார்க்காமல் ஓட்டுவதால்தான் இது அதிகம் நிகழ்கிறது. மாறாக, முகவரி ஒன்று ஒன்றாக ஏறி டேட்டா எல்லாம் 00 என்றால் பஸ் கீழே ஒட்டியிருக்கிறது.

அறிகுறி: நிறுத்தினால் பிசி (அடுத்த கட்டளையின் முகவரி வைத்த ரெஜிஸ்டர்) தவறு, அல்லது தொடர்ந்து ஓட்டினால் இன்டரப்ட் செத்துப்போகிறது

இங்கேதான் எமுலேட்டரின் உள்வேலை வெளியே தெரியும். நிறுத்த இரண்டு வழி பொதுவானவை. ஒன்று என்எம்ஐ: ஒரு எம்1 சைக்கிளைப் புறக்கணித்து, பிசியின் மேல் பைட்டையும் பிறகு கீழ் பைட்டையும் ஸ்டாக்கில் எழுதி, 0066க்குத் தாவும். அந்த எம்1, 0066 இரண்டும் சேரும் கணத்தில் எமுலேட்டர் டார்கெட்டைத் துண்டித்துத் தன் மானிட்டர் மெமரியை உள்ளே தள்ளும். மற்றது, எம்1 சைக்கிளில் டார்கெட் டேட்டாவை மறித்து ஒரு ஆர்எஸ்டி ஆப்கோடைத் திணிப்பது. இரண்டையும் பிரித்தறிய ரோமே போதும்: திணிக்கும் வகையில் ஸ்டாக்கில் ஏறும் பிசி ஒன்று கூடுதலாக இருக்கும், ஆகவே மானிட்டர் அதை எடுத்ததும் ஒன்று கழிக்கும். பிரித்தெழுதிய நிரலில் இ1 (ஸ்டாக்கிலிருந்து எடு) பைட்டுக்குப் பின் 2பி (ஒன்று கழி) வருகிறதா என்று தேடுங்கள். பிசி எப்போதும் சரியாக ஒன்று பிசகினால், ரோமும் பாட்டும் வேறு வேறு ஜோடியைச் சேர்ந்தவையா என்று பாருங்கள்.

பிசியின் ஒரு பைட் மட்டும் தவறு என்றால், ஸ்டாக் எழுத்தைப் பிடித்து வைக்கும் லாட்ச் இரண்டில் ஒன்று. கீழ் பைட் இரண்டாவதாக எழுதப்படுவது என்பதால் நேரக் கோளாறு இருந்தால் இரண்டு பைட்டும் ஒன்றாகத் தெரியும், 1212 என்பது போல.

நிறுத்தும்போது ஸ்டாக் எழுத்து டார்கெட்டுக்கு உண்மையில் போகிறதா? எஸ்பிக்கு (ஸ்டாக்கின் உச்சி முகவரி) கீழே எட்டு பைட்டை 55 என்று நிரப்பி, நிறுத்தி, திரும்பப் பாருங்கள். இரண்டு பைட் மாறியிருந்தால் பெட்டி டபிள்யூஆரை மறிப்பதில்லை. இது ஆவணத்தில் கண்டிப்பாக வர வேண்டிய வரி, ஏனென்றால் எஸ்பி தவறுதலாக ஒரு மெமரி-மேப் சாதனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நிறுத்துவதே அந்தச் சாதனத்தைக் கெடுக்கும்.

எப்போதாவது, நூறில் ஒரு முறை போல, தொடர்ந்து ஓட்டியதும் இன்டரப்ட்கள் நின்றுவிட்டால் என்மாஸ் இசட்80இன் பிழை ஒன்றை நினையுங்கள். ஐ ரெஜிஸ்டரை ஏ-க்கு எடுக்கும் கட்டளை இன்டரப்ட் நிலையை பாரிட்டி ஃப்ளாக்கில் காட்டும். அந்தக் கட்டளை ஓடும்போதே இன்டரப்ட் ஏற்கப்பட்டால் ஃப்ளாக் தவறாக 0 காட்டும். டார்கெட் நிரலே இந்தக் கட்டளையைப் பயன்படுத்தினால் எமுலேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பாட்டில் உள்ள இசட்80ஐ மாற்ற வேண்டி வந்தால் என்மாஸே போடுங்கள். சிமாஸ் வகையில் இடி 71 என்ற அறிவிக்கப்படாத கட்டளை 00க்குப் பதில் எஃப்எஃப் அனுப்பும். பழைய டார்கெட் நிரல்களில் அது எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

அறிகுறி: ஓடும்போது நன்று, நிறுத்தினால் டார்கெட்டின் ராம் அழிகிறது

டைனமிக் ராம். 4116க்கு 128 வரிசைகளும் 2 மில்லி வினாடிக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும்; அதை இசட்80 தன் எம்1 சைக்கிளோடு சேர்த்துச் செய்துவிடுகிறது. மானிட்டருக்குள் இருக்கும்போது எமுலேட்டர் டார்கெட்டைத் துண்டித்தால் புதுப்பிப்பும் நிற்கும். நிறுத்திய நிலையில் செருகியின் 28 (ரெஃப்ரெஷ்), 19 (எம்ரெக்) பின்களை ஸ்கோப்பில் பாருங்கள். இரண்டும் துடித்தால் ராம் பக்கம் தேடுங்கள். 28 துடித்து 19 மட்டும் அசையாமல் மேலே நின்றால், அதை மறிக்கும் கேட் எது என்று பின்தொடருங்கள். பழுதா, வடிவமைப்பே அப்படியா என்பது அங்கே தெரியும். சில பெட்டிகளில் இதற்கென ஜம்பரோ கட்டளையோ உண்டு.

அறிகுறி: 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும், 4இல் விழும்

4 மெகாஹெர்ட்ஸில் ஒரு டி-ஸ்டேட் 250 நானோ வினாடி. கேபிள் போகவும் வரவும், பஃபர் இரண்டு முறை, மேப்பிங் ராம் ஒரு முறை என்று எல்லாரும் அதில் பங்கு கேட்கிறார்கள். யாரோ முன்பு பழுது பார்த்தபோது 74எஸ் சிப் இருந்த இடத்தில் 74எல்எஸ் போட்டிருந்தால் இதுதான் விளைவு. ஒரே வரிசையில் ஒரு சிப்பின் தேதிக் குறியீடு மட்டும் மற்றவற்றோடு பொருந்தவில்லை என்றால் முதல் சந்தேகம் அதன் மேல். பாட்டிலிருந்து டார்கெட்டுக்குத் தனிக் கிரவுண்ட் கம்பி ஒன்று கொடுங்கள். பல சமயம் அதிலேயே சரியாகும்.

அறிகுறி: ட்ரேஸில் நான்கு பிட் குப்பை, பிரேக் பாயின்ட் தவறான இடத்தில் அடிக்கிறது

0000இல் 18 எஃப்இ எழுதி ஓட்டுங்கள். தன்னிடமே தாவும் இந்தக் கட்டளை 4 மெகாஹெர்ட்ஸில் 3 மைக்ரோ வினாடிக்கு ஒரு சுற்று. ட்ரேஸில் 0000இல் 18, 0001இல் எஃப்இ மாறி மாறி வர வேண்டும். 16 முகவரி, 8 டேட்டா, 8 நிலை பிட் என்று 32 பிட் அகலத்துக்கு 2114 ராம் எட்டு இருந்தால் 1024 சைக்கிள் ஆழம். ஒவ்வொரு 2114உம் நான்கு பிட் வைத்திருக்கும். ஆகவே குப்பை நான்கு பிட்டாக வந்தால் ஒரே சிப்தான். தொட்டுப் பாருங்கள், மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும்.

பிரேக் 1000இல் வைத்தால் 1400இலும் நின்றால் ஒப்பீட்டில் ஏ10 கலந்துகொள்ளவில்லை. இன்னொன்று பழுது போலத் தெரியும், பழுதில்லை: சிபி, டிடி, இடி, எஃப்டி முன்னொட்டுள்ள கட்டளைகளுக்கு எம்1 இரண்டு முறை வரும். இரண்டாவது பைட்டில் பிரேக் வைத்தாலும் அது அடிக்கும்.

அறிகுறி: பிஏஎல் சிப் செத்துவிட்டது, அல்லது படிக்க விடவில்லை

செக்யூரிட்டி ஃப்யூஸ் எரித்திருந்தால் புரோகிராமர் பொய் சொல்லும். 16எல்8 வகையை வெளியிலிருந்தே படித்துவிடலாம். 1 முதல் 9 வரையும் 11உம் உள்ளீடு மட்டும். 12, 19 வெளியீடு மட்டும். 13 முதல் 18 வரை இரண்டும் ஆகலாம். இந்த ஆறையும் 4.7 கிலோ ஓம் வழியாகத் தள்ளுங்கள். வெளியீடாக இருக்கும் பின் ரெசிஸ்டரை மீறித் தன் மட்டத்தைக் காட்டும், உள்ளீடாக இருப்பது நீங்கள் சொன்னதையே காட்டும். மொத்தம் 65,536 சேர்க்கைகள். மைக்ரோகன்ட்ரோலருக்கு அது சில வினாடி வேலை. கிடைத்த அட்டவணையை எஸ்பிரெஸ்ஸோ என்ற லாஜிக் சுருக்கும் நிரலில் சுருக்கி, மாற்றுச் சிப்பான ஜிஏஎல்16வி8இல் எழுதலாம். 16ஆர்4, 16ஆர்8 வகைகளில் உள்ளே நிலை இருக்கிறது. 1ஆம் பின் கிளாக், 11 எனேபிள். அங்கே ஒவ்வொரு நிலையையும் எட்டிப் பிடித்து, அதிலிருந்து எங்கே போகிறது என்று படிக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள், செத்த பிஏஎல்லிலிருந்து எதையும் மீட்க முடியாது.

அறிகுறி: ரோம் சரியாகப் படித்தாயிற்று, பிரித்தெழுதினால் அர்த்தமில்லாத கட்டளைகள்

கிட்ரா என்ற பிரித்தெழுதும் மென்பொருளில் இசட்80 தேர்ந்து ஏற்றி, நிரல் நடுவில் குப்பை வந்தால் மூன்றைப் பாருங்கள். சாக்கெட் வரிசை மாறியிருக்கலாம். 0000இல் தொடங்கும் தாவலின் இலக்கில் ஒழுங்கான நிரல் இருக்கிறதா என்பதே சோதனை. பேங்க் மாறும் மெமரி இருக்கலாம். அல்லது ஆர்எஸ்டி கட்டளைக்குப் பின்னால் நேரடியாக எழுத்துச் சரத்தை வைத்து, அழைக்கப்பட்ட நிரல் இ3 கட்டளையால் திரும்பு முகவரியை எடுத்துச் சரத்தைத் தாண்டிப் போகலாம். அப்படியென்றால் அந்த ஆர்எஸ்டி வரும் ஒவ்வோர் இடத்திலும் சரம் எங்கே முடிகிறது என்று குறித்த பிறகுதான் மீதி நேராகும். சரத்தின் கடைசி எழுத்தில் மட்டும் மேல் பிட் 1 ஆக இருப்பது அக்காலப் பழக்கம்.

பிறகு இன், அவுட் கட்டளைகளில் வரும் போர்ட் எண்களை எல்லாம் பட்டியலிட்டு, போர்டில் உள்ள 74எல்எஸ்138களின் வெளியீடுகளோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்துங்கள். தொடங்க நல்ல இடம் சுயசோதனை நிரல். எந்த லாட்சில் எழுதி எந்த போர்ட்டில் திரும்பப் படித்து எந்தப் பிழை எண்ணைக் காட்டுகிறது என்பதை வடிவமைத்தவர்களே அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். போர்ட் எண், ஐசி எண், பின், ரோம் முகவரி நான்கையும் ஒரே வரியில் வைத்த அட்டவணை, கோப்புகளின் எஸ்ஹெச்ஏ-1 மதிப்பு, கைகாட் மென்பொருளில் வரைந்த சர்க்யூட் படம், பிஏஎல் சமன்பாடுகள்: இவற்றை ஒரே தொகுப்பாகப் பொது இடத்தில் போடுங்கள். ரோம் கோப்பின் பெயரில் போர்டு எண்ணும் சாக்கெட் எண்ணும் லேபிளில் உள்ள பதிப்பும் வரட்டும். அதே பெட்டியின் வேறு பதிப்பு வைத்திருப்பவர் தன் ரோம் எங்கே மாறுகிறது என்று பைட் பைட்டாக ஒப்பிட அது போதும்.